412 பேர் சொன்ன தண்ணீர்

"அந்த அறுபது பாட்டிலும் ஒரே பம்புல புடிச்சதுங்க சார்."

சொல்லிவிட்டாள் காவேரி. பதினோரு வருஷம் நெஞ்சில் கிடந்தது, ஒரு மூச்சில் வெளியே வந்து விழுந்தது.

டாக்டர் மாதவராஜ் கழுத்து மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பஞ்சாயத்து ஆபீசில் அவரும் அங்கன்வாடி உதவியாளரான அவளும் மட்டும். வெளியே அவருக்கான பாராட்டு விழாப் பந்தலில் தலைவர் நஞ்சப்பன் மைக்கை விட்டபாடில்லை.

"நம்ம டாக்டரு கட்டுரைய நானூத்திப் பன்னெண்டு ஆராய்ச்சிக்காரங்க எடுத்துக்காட்டி எழுதியிருக்காங்கய்யா! அமெரிக்காக்காரன் தண்ணி குடிச்சாக்கூட நம்மூரு பேரச் சொல்லித்தான் குடிக்கறான்!"

கைதட்டல் காதைப் பிளந்தது.

பாலக்கோட்டுப் பக்கம் பல ஊர்களில் ஃபுளோரைடு தண்ணீரால் பல் பழுப்பேறி, கால் வளைந்து கிடக்கிறார்கள். இந்தச் சின்னாண்டிக்கொட்டாய் தண்ணீர் மட்டும் சுத்தம். இதுதான் அந்தக் கட்டுரை. அறுபது வீட்டுத் தண்ணீரிலும் அளவு அச்சடித்தாற்போல் ஒன்றாக இருந்ததைப் பெரிய பெரிய ஆட்களெல்லாம் புகழ்ந்தார்களாம்.

அடுத்த வாரம் சென்னையில் இயக்குநர் பதவிக்கு இன்டர்வியூ. அந்த 412தான் அவருடைய துருப்புச்சீட்டு.

காவேரி நிறுத்தவில்லை.

"மாரியம்மனுக்குக் காப்பு கட்டியிருந்தாங்க சார். காப்பு கட்டிட்டா ஊருத் தண்ணி எல்லை தாண்டக் கூடாது. நீங்களோ பொழுது சாயறதுக்குள்ள பாட்டில் வேணும்னுட்டீங்க. எல்லைக்கல்லுக்கு அந்தாண்ட ஏரிக்கரை பம்புல எல்லாத்தையும் ரொப்பி, வூட்டுக்கு வூடு பேர மட்டும் ஒட்டிட்டேன்."

அந்தப் பம்பு வற்றி ஏழு வருஷமாகிறது.

ஊர் ஊராக வந்த சுத்திகரிப்பு நிலையம் இந்த எல்லைக்கல்லோடு நின்றுபோனது. உங்க தண்ணிதான் சுத்தமாச்சே, உங்களுக்கு எதுக்கு என்றார்கள் அதிகாரிகள். நேற்று அவள் மகளைத் தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தாள். பத்து வயது. முட்டி இரண்டும் உரசிக்கொள்கின்றன. அங்கிருந்த டாக்டர் ஊர்ப் பெயரைக் கேட்டார். போனில் எதையோ தேடிப் பார்த்தார்.

"உங்க ஊர்த் தண்ணியில கோளாறே இல்லம்மா, ஆராய்ச்சியே இருக்கு" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்.

"நீங்க ஒரு வார்த்தை எழுதிட்டா போதுங்க சார். எம் மேல தப்புன்னே எழுதுங்க. வேலை போனாப் போவுது."

அவர் துள்ளிக் குதிப்பார், கத்துவார், கை ஓங்கினாலும் ஓங்குவார் என்று எதிர்பார்த்திருந்தாள். அவர் மாலையை மடித்து மேஜைமேல் வைத்தார்.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லீங்க."

"சொல்லாத. நான் பாத்துக்கறேன்."

அவ்வளவுதான். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்க் காரில் ஏறினார்.

அப்பாடா என்றிருந்தது காவேரிக்கு. பெரிய மனுஷன். திட்டக்கூட இல்லை.

மேஜையைத் துடைக்க வந்தவள் நின்றாள்.

அவருக்கென்று அவள் கொண்டுவந்து வைத்த தண்ணீர் டம்ளர், விளிம்புவரை அப்படியே இருந்தது.

முதல் வருஷம் அவள் வீட்டு வாசலில் நின்று இரண்டு சொம்பு வாங்கிக் குடித்த மனுஷன். மறு வருஷம் மாரியம்மன் நோம்பியெல்லாம் முடிந்த பிறகு தனியாக வந்தார். ஊர்ப் பம்பில் தன் கையாலேயே நாலு பாட்டில் பிடித்தார். சும்மா ஒரு செக்கிங், காவேரி, என்றார். அதில் என்ன வந்தது என்று சொல்லவே இல்லை.

அதன்பின் வந்த ஒவ்வொரு முறையும் காரில் ஒரு தண்ணீர் கேன் இருந்தது. சிரித்துச் சிரித்துப் பேசுவார், ஊர்க்காரர்கள் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்வார். இந்த ஊரில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. பெரிய இடத்துப் பழக்கம் என்று நினைத்திருந்தாள்.

நாலு பாட்டில். பத்து வருஷம்.

வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

வரவேற்பு நடனம் ஆடிய வேர்வையோடு மகள் உள்ளே வந்தாள், முட்டி உரச உரச. மேஜைமேல் இருந்த டம்ளரை எடுத்தாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் காவேரி வாயைத் திறந்தாள். பிறகு எதைக் குடிக்கச் சொல்வது என்று தெரியவில்லை.

மகள் மடக் மடக்கென்று குடித்தாள்.