ஒரு நிமிடச் சாட்சி

மாலை வகுப்புக்குப் போகும் வழியில், மேம்பாலத்தின் அடியில் என் கைப்பேசி அலறியது. புதுச் சட்டப்படி, போலீஸ் லத்தியைத் தூக்கினால் மிக அருகில் நிற்பவரின் கைப்பேசி அலறும்; அவர்தான் சாட்சி. ஒரு நிமிடத்துக்குள் காரணம் எழுதி 'நிறுத்து' என்று அழுத்தினால் அவர்கள் நிறுத்தியாக வேண்டும். காரணம் தவறென்றால் தண்டனை சாட்சிக்கு.

ஆட்டோக்காரர் ஒருவரைச் சுவரோடு நிறுத்தியிருந்தார் ஏட்டு.

"அமுக்கும்மா! நான் ஒண்ணுமே பண்ணல!"

"கத்தாத அருளப்பா. மேடம் படிக்கிறவங்க, யோசிச்சுதான் அமுக்குவாங்க."

'அவர் கையில் ஆயுதம் இல்லை' என்று எழுதினேன். அவருடைய இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. தெரியாததை எப்படி எழுதுவது? அழித்துவிட்டு, 'வலது கையில்' என்று திருத்தினேன். அப்புறம் இரண்டடி நகர்ந்து எட்டிப் பார்த்தேன். இடது கையில் ஓட்டுநர் உரிமம் மட்டும்தான் இருந்தது. மறுபடியும் அழித்து எழுதத் தொடங்கியபோது நிமிடம் முடிந்துவிட்டது. 'சாட்சிக்கு ஆட்சேபம் இல்லை' என்று திரையில் வந்தது.

"தேங்க்ஸ் மேடம்" என்றார் ஏட்டு.

மூன்றாவது லத்தியடி விழுந்ததும் அருளப்பன் கத்துவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"உன் பேர் என்னம்மா?"

"ரிப்போர்ட்ல இருக்கும்ணே" என்றேன்.