பழைய கிற்றாரின் சத்தம்

எமிலின் அப்பாவுடைய, மேற்பலகையை வளைத்துச் செய்த பழைய கிற்றாரைத் திருநாளுக்கு இரவல் வாங்கிய, பாடகர் குழு நடத்தும் குரூஸ் மாஸ்டர், பதினொரு வருடமாக அதைப் பள்ளிமுனைக் கோயில் அலுமாரியில் குடிவைத்திருந்தார். கேட்டால், "உனக்குக் காதே இல்லை, கிற்றார் எதுக்கு?" என்பார்.

எமில் அதே அச்சில் புதுக் கிற்றார் ஒன்று வாங்கி, ஒரு வருடம் உப்புக்காற்றில் காயப்போட்டு, ஞாயிறு பூசைக்குக் கொண்டுவந்தான். பூசை முடிந்து பாதரும் கூட நின்றார். பக்கத்தில் வைத்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

"கண்ணைக் கட்டிக்கொண்டு, பழசு எதெண்டு சொல்லுங்கோ பாப்பம், மாஸ்டர்."

"நான் காட்டிறது என்ர. மற்றதை நீ தூக்கிக்கொண்டு போ. பாதர் சாட்சி!"

மாஸ்டர் கண்ணைக் கட்டிக்கொள்ள, எமில் இரண்டையும் வாசித்தான்.

"முதல் வாசிச்சது தகரமடா! ரெண்டாவதைக் கேட்டீங்களோ, பாதர்? அறுபது வருஷத்து மரம் பேசுது."

எமில் தலை குனிந்தபடி தகரத்தை எடுத்துக்கொண்டான். வாசலில் நின்று, "கம்பியை மட்டும் மாத்திப்போடாதேங்கோ, மாஸ்டர். பழைய சத்தம் போயிடும்" என்றான்.

அந்தத் துருக்கம்பிகளை அவன்தான் அன்று விடியற்காலையில் கோயில் கூட்ட வந்தபோது அப்பாவின் கிற்றாரிலிருந்து கழற்றிப் புதியதில் பூட்டினான். இப்போது அவன் கொண்டுபோன அப்பாவின் கிற்றாருக்குப் புதுக் கம்பி போட்டிருந்தான்.