திமிங்கிலத்துக்கு வடை

“திமிங்கிலம் வாலைத் தூக்கிக் காட்டுது. துரை அதுக்குப் பருத்தித்துறை வடை எறியிறார்! நல்ல காலம், அது சம்பல் கேக்கேல்ல.”

கணேசலிங்கம் சொல்லி முடித்ததும் நோர்பரி வீட்டின் முன்னறையில் இருந்த சொந்தக்காரர் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடந்த வீடு என்பது நினைவுக்கு வர, வாயைத் துடைத்துக்கொண்டார்கள். கதையில் வந்த ‘துரை’யான சுஜீத் மட்டும் தலையை நிமிர்த்தவே இல்லை.

கணேசலிங்கத்தின் பெரியண்ணையின் கிரியைகளைக் காலையில்தான் ஐயர் முடித்துவிட்டுப் போயிருந்தார். மாலை போட்ட படத்துக்கு முன்னால், வெள்ளைத் துணி கட்டிய செம்பில் அவருடைய சாம்பல் இருந்தது. அதைக் கீரிமலைக்குக் கொண்டுபோய்க் கரைக்கப்போவது யார் என்பதை அண்ணி வசந்தமலர் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்வதாக இருந்தது.

பிள்ளை இல்லாத மனிதர். செம்பைத் தூக்குகிறவன்தான் இனிக் குடும்பத்துக்குப் பெரியவன். அது கடைசித் தம்பியான தனக்கே வரவேண்டும் என்பதில் கணேசலிங்கத்துக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அண்ணியின் கண் என்னவோ சுஜீத் பக்கமே போய்க்கொண்டிருந்தது. நடு அண்ணையின் மகனான அவனை, தகப்பன் செத்த பிறகு வளர்த்து ஆளாக்கியவர் பெரியண்ணை.

அந்தக் கண்ணைத் திருப்பத்தான் இந்தக் கப்பல் கதை.

“செத்த வீட்டுத் துடக்குக்குள்ள நாங்கள் கோயில் வாசலும் மிதிக்கமாட்டம். இவர் பெண்சாதியோட நோர்வேக்குக் கப்பலேறுறார்! இல்ஃபோர்டில ஆரோ அரை விலைக்கு டிக்கெற் விக்கிறான் எண்டால், வளத்த மனுசனின்ர எட்டாம் நாள் எட்டுச்செலவையும் விட்டிட்டு ஓடுறதே?”

சுஜீத்தின் மனைவி லக்‌ஷிகா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவன் அவள் கையை அழுத்தி நிறுத்தினான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவனுக்குப் பேச்சு எங்கே வரும் என்று கணேசலிங்கம் மனதுக்குள் காறித் துப்பினார்.

“பாத்த சீரைக் கேளுங்கோ. ஒரு கழுகு மலையில இருந்து இறங்கித் தண்ணியைத் தொட்டு மீனோட எழும்புது. அதைப் பாக்கக் குடுத்துவைக்கோணும். இவர் பெண்சாதிக்கு மூக்குத் துடைச்சு விடுறார்!”

கதை சொல்ல கணேசலிங்கத்தை விட்டால் ஆளில்லை என்று கிழவர் ஒருவர் மெச்சினார். பக்கத்தில் இருந்த சிவரூபினியோ கணவனின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். “காணும். விடுங்கோவன்.”

“நீ சும்மா இரு.” அவளுக்கு எதற்கெடுத்தாலும் பயம். கப்பல் கதை தொடங்கியதில் இருந்து கிள்ளிக் கிள்ளித் தொடையைப் புண்ணாக்கிவிட்டாள். அவர் இடுப்பில் கட்டியிருந்த முதுகுப் பட்டியை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்தார்.

“எட்டுச்செலவுக்கு நானும் வரேல்லத்தான். அது முதுகுநோ. கிடையில கிடந்தவனும் கப்பலில கூத்தடிச்சவனும் ஒண்டே? அந்தக் குளிருக்குள்ள, மேல் தட்டில வெள்ளைக்காரர் எல்லாம் மூச்சுக் காட்டாமல் நிக்கினம். கறுப்பா மலை மாதிரி எழும்புது திமிங்கிலம். இவர் பைக்குள்ள கையை விட்டுத் தட்டையான மொறுமொறு வடையை ஒவ்வொண்டா எடுத்து எறியிறார், கோயில் குளத்து மீனுக்குப் பொரி போடுற மாதிரி! பட்டிக்காடு. எங்களைப் பற்றி வெள்ளைக்காரன் என்ன நினைப்பான்?”

“உமக்கு உதெல்லாம் ஆர் தம்பி சொன்னது?” அடுப்படி வாசலில் நின்ற வசந்தமலர் கேட்டார்.

கணேசலிங்கம் இமைக்கவில்லை. “என்னோட வேலை செய்யிற வெள்ளைக்காரன் ஒருத்தன், அண்ணி. அதே கப்பலில போனவன். வந்து சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.”

“ஓ.”

வசந்தமலர் படத்தடிக்குப் போய், செம்பை இரண்டு கையாலும் எடுத்தார். கணேசலிங்கம் துள்ளி எழுந்தார். சால்வையை இடுப்பில் கட்டி, பவ்வியமாகக் குனிந்து, கையை நீட்டினார்.

வசந்தமலர் அவரைக் கடந்து போய், செம்பைச் சுஜீத்தின் கையில் வைத்தார். அவன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விம்மினான்.

“அண்ணி! துடக்குக் காக்காதவனிட்டையோ?”

“அந்தக் கப்பலுக்கு டிக்கெற் போட்டது உம்மட அண்ணை. டிவியில திமிங்கிலத்தைக் கண்டால் சோத்தையும் மறக்கிற மனுசன். தான் இல்லாட்டியும் பிள்ளையள் போய்ப் பாக்கோணும் எண்டு ஆஸ்பத்திரியில கிடந்து சொன்னவர். இதுகள் மாட்டம் எண்டு அழ, பிடிச்சு அனுப்பினது நான். அவருக்குப் பிடிச்ச வடையைச் சுட்டு, திமிங்கிலத்தைக் கண்ட இடத்தில அவரை நினைச்சுக் கடலில போடுங்கோ எண்டு குடுத்துவிட்டதும் நான்தான்.”

சிவரூபினி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வசந்தமலர் கொழுந்தனை மேலும் கீழும் பார்த்தார். “வெள்ளைக்காரன்ர கண்ணுக்கு அது பிஸ்கட், தம்பி. பருத்தித்துறை வடை எண்டு கண்டுபிடிக்க எங்கட ஆள் ஒருத்தர் அந்தத் தட்டில நிண்டிருக்கோணும்.”

கணேசலிங்கத்தின் நீட்டிய கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அண்ணி கேட்டார்:

“முதுகுநோ இப்ப எப்பிடி?”