கதவில் ஒட்டிய விதிகள்

“உன்ட காலில என்ன புள்ள, செருப்பா?”

யசோதினி மேசைக்குக் கீழே காலை இழுத்துக்கொண்டாள்.

கணினி அறைக் கதவில் விதிகளை எழுதி ஒட்டியவர் உதயரூபன் சேர். செருப்பு வெளியே இருக்க வேண்டும். பாடம் நடக்கும்போது கதைக்கக் கூடாது.

“சேர், ஒண்டு சொல்லணும்...”

“கதைக்காத. செருப்பைக் கையில தூக்கிக்கொண்டு வெளியில போய் நில்லு!”

முற்றத்து மணல் கொதித்தது. அவள் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பதை யன்னலால் பார்த்தபோது அவருக்கு மனம் கேட்கவில்லை. ஆனாலும் கூப்பிடவில்லை. ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தால் மற்றவர்களும் கேட்பார்கள்.

யசோதினியின் கணினியில், பக்கத்தில் இருந்த மாணவி ஜெனிற்றாவை இருக்கச் சொன்னார். அவள் கணினியின் இரும்புப் பெட்டியில் கை வைத்ததுதான் தாமதம், அலறிக்கொண்டு கதிரையோடு சரிந்தாள்.

“கரண்ட் அடிக்குது சேர்!”

மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு அவளைத் தூக்கி இருத்தினார். நல்லவேளை, பயத்தோடு போயிற்று. சத்தம் கேட்டு யசோதினி வெறுங்காலோடு ஓடி வந்தாள்.

“அதைத்தான் சேர் சொல்ல வந்தன். போன கிழமையும் வந்தன், கதைக்க வேணாமெண்டீங்க. செருப்புப் போட்டா அடிக்காது. வேற ஆரும் அதில இருக்கக் கூடாதெண்டுதான் நான் இருந்தன்.”

“நான் ஒவ்வொரு நாளும் அதைத் தொடுறன். எனக்கு அடிக்கல்லையே?”

யசோதினி குனிந்து அவருடைய கால்களைப் பார்த்தாள். வகுப்பே பார்த்தது.

அவரும் பார்த்தார். அந்த அறைக்குள் சப்பாத்தோடு நின்றது அவர் மட்டும்தான்.