உப்பு மெத்தை

விருந்தாளிகள் வரும் நேரம். மருமகள் ஓவனிலிருந்து தட்டை வெளியே இழுத்தாள். தட்டு நிறையக் கல்லுப்பு; அதன்மேல் வாய் பிளந்த சிப்பிகள். ஒவ்வொன்றிலும் பூண்டு வெண்ணெய் தளதளவென்று கொதித்தது.

முதல் ஆளாக வந்து நின்ற நாத்தனார் மூக்கைச் சுளித்தாள்.

"என்ன கண்றாவி இது? உப்பளத்தையே தூக்கிட்டு வந்துட்டியா?"

"சிப்பி, அண்ணி. செய்யறது ரொம்ப சுலபம்னு..."

"கிழிச்ச! என் தம்பிக்கு ஏற்கெனவே பிரஷர். ஒரேயடியா ஆளையே முடிச்சிடலாம்னு பாக்கறியா? நகரு அந்தப் பக்கம்."

நாத்தனார் கரண்டியால் உப்பை வழித்து வழித்துக் குப்பைக் கூடையில் கொட்டினாள். பிடிமானம் போன சிப்பிகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. வெண்ணெய் தட்டெல்லாம் ஓடியது.

"பாத்தியா? நேரா நிக்கக்கூட மாட்டேங்குது. நீயும் உன் சமையலும்!"

மருமகளுக்குப் பொறுமை போய்விட்டது.

"அது சாயாம நிக்கத்தான் அண்ணி உப்பு. சாப்பிடறதுக்கில்ல. போன வாரம் டிவி சமையல் நிகழ்ச்சியில நீங்கதானே உப்பைப் பரப்பி, அதுமேல சிப்பியை அடுக்கிக் காட்டினீங்க?"

நாத்தனார் கொஞ்சமும் அசரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"டிவியில காட்டறதையெல்லாம் எவளாவது வீட்டுல செஞ்சு பாப்பாளாடி?"