உட்காராதவள்

“உக்காரும்மா. எவ்வளவு நேரம் நிப்பே?” என்றார் ஜிம் முதலாளி.

அவள் உட்காரவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். ஏழு வாரம் கழித்து வேலைக்கு வந்தவளுக்கு இவ்வளவு மரியாதையா என்று அவர் முகம் மலர்ந்தது.

மரியாதையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. உட்கார்ந்தால் வலிக்கும்.

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி என்று லீவு சொல்லியிருந்தாள். நிஜத்தில், பின்புறம் இரண்டு பக்கமும் கிழித்து சிலிகான் வைத்துத் தைத்திருந்தார்கள். பன்னிரண்டு வயதில் செங்கல் சுமக்கப் போனவள் அவள். தொடை இரண்டும் தேக்குக் கட்டை. பின்னால் மட்டும் பூசின சுவர் மாதிரி சப்பை. முதலாளி வாசலில் ‘பின்னழகுக்குத் தனி வகுப்பு’ என்று போர்டு மாட்டி, “சொல்லிக் குடுக்கிறவதான்மா விளம்பரமே” என்று சொல்லிவிட்டுப் போன அன்றைக்கே, உடை மாற்றும் அறையில் இரண்டு பேர் பேசியது காதில் விழுந்தது.

“மேடம் பேன்ட்ல பர்ஸ் வச்சாத்தான் பின்னாடி ஏதோ இருக்கிற மாதிரி தெரியுது.”

அந்தச் சிரிப்புதான் அவளை ஆபரேஷன் மேசையில் குப்புறப் படுக்க வைத்தது.

டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். நடக்கலாம், கையை ஆட்டலாம். எட்டு வாரம் முடிகிறவரை ஸ்குவாட் மட்டும் கூடவே கூடாது. குந்தி எழுந்தால் உள்ளே வைத்தது நகர்ந்துவிடும், மறுபடி கிழிக்க வேண்டியிருக்கும். இன்னும் ஆறு நாள் பாக்கி. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. “உன்னப் பெத்துப் போட்டு அஞ்சாம் நாள் சிமெண்ட் சட்டி தூக்குனேன். வழுக்கி விழுந்ததுக்கு ரெண்டு மாசம் குப்புறப் படுத்துக் கெடக்கா” என்று அம்மா தினம் ஒரு பாட்டுப் பாடினாள். ஆறு நாளைக் கையைக் காலை ஆட்டியே ஓட்டிவிடலாம் என்றுதான் கிளம்பி வந்தாள்.

“நீ இல்லாதப்ப ஒரு பொண்ணச் சேத்தேன். வந்து பத்து நாள் ஆச்சு” என்றார் முதலாளி. “ஒரு வகுப்புக்கு ரெண்டு பேர் எதுக்கு? ஆளுக்கு நூறு ஸ்குவாட் போடுங்க. வகுப்புக்கு வர்றவங்க பாக்கட்டும். அவங்க யாரக் கை காட்டுறாங்களோ, அவங்களுக்குத்தான் வேலை.”

“இன்னைக்கேவா சார்?”

“இல்ல, நல்ல நாள் பாத்து சொல்லி அனுப்புறேன். எந்திரிச்சு வாம்மா” என்றவர், அவள் நின்றுகொண்டுதான் இருக்கிறாள் என்பதைப் பார்த்துவிட்டுத் தானே எழுந்தார்.

கூடத்தில் பன்னிரண்டு பெண்கள் பாய் விரித்துக் காத்திருந்தார்கள். ஓரத்தில் புதியவள், குதிரைவால் கொண்டை ஆட, சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தாள். சீட்டில் உட்காராமல், மேடு ஏறுகிறவள் மாதிரி நின்றுகொண்டே மிதித்தாள். நோகாமல் அலட்டுகிறாள் என்று இவள் பல்லைக் கடித்தாள். அவள் பின்புறத்தையும் பார்த்தாள். கடைந்தெடுத்த மாதிரி இருந்தது. உழைத்துச் சேர்த்த உடம்பு. வயிறு எரிந்தது.

“வாங்கக்கா. இடுப்பு எப்படி இருக்கு?” என்று இறங்கி வந்தாள் குதிரைவால்.

“இருக்கு. வச்ச எடத்துலதான் இருக்கு.”

முதலாளி செல்போனைத் தூக்கிப் பிடித்தார். “யாரு மொதல்ல?”

“அக்கா சீனியர். அவங்க போடட்டும் சார். நான் பாத்துக் கத்துக்கறேன்.”

“சைக்கிள் மிதிச்சு நீதான் சூடா இருக்கே. நீ ஆரம்பி. நான் எண்ணுறேன்.”

“ஐயோ, அக்காவுக்கு உடம்பு சூடேற வேணாமா? கையச் சுத்திக்கலாம் வாங்க.”

கையைச் சுற்றினார்கள். தோளைச் சுற்றினார்கள். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்கள். கடைசியில் மணிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டார்கள். முன்வரிசையில் இருந்த தையல்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“ரெண்டு பேரும் காத்தாடி சுத்துனது போதும். காலக் காட்டுங்கம்மா, நான் போய்க் கடை தொறக்கணும்.”

இவளுக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. கழுகுக்கு மூக்கில் வேர்த்த மாதிரி குதிரைவால் மோப்பம் பிடித்துவிட்டாள். நான் முதலில் குந்த வேண்டும், எல்லார் முன்னாலும் அலறி விழ வேண்டும், அவள் நோகாமல் வகுப்பைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்குத்தான் இந்த இழுத்தடிப்பு.

“சேந்தே போடுங்க. பக்கத்துல பக்கத்துல” என்றார் முதலாளி. “ரெடி. ஒண்ணு.”

இருவரும் காலை அகட்டி நின்றார்கள். மறுத்தால் வேலை போகும். பிறகு அம்மாவின் சிமெண்ட் சட்டிதான். இவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கினாள். பாதிகூட இறங்கவில்லை. தையல் சுள்ளென்று இழுத்தது. கை இரண்டும் தன்னால் பின்னால் போய், விழப்போகும் பானையைத் தாங்குகிற மாதிரி தாங்கிக்கொண்டன.

நிமிர்ந்தால், குதிரைவால் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்தது கதை. இப்போது ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லப் போகிறாள். இவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

குதிரைவால் காதோரம் குனிந்தாள்.

“எனக்கு அஞ்சாவது வாரம்க்கா. உங்களுக்கு?”