மகாராணிக்குத் தொண்டை கட்டிவிட்டது

கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு பக்கத் திரையின் மறைவில் நின்றிருந்த மகாராணி, தான் பேச வேண்டிய தாளை ஸ்டெப்னியிடம் நீட்டினாள்.

"தொண்டை சுத்தமா போச்சுடி. என் வசனமெல்லாம் எப்பவும் உனக்குத்தானே மனப்பாடம், இதையும் நீயே பேசிடேன்."

குரலாக வரவில்லை. காற்றாகத்தான் வந்தது.

நாடகப் பள்ளியின் மாணவர் சங்கத்துக்கு அன்று மாலை ஓட்டு. தலைவர் பதவிக்கு இரண்டே பேர்தான் போட்டி. தாளை நீட்டியவள் ஒருத்தி, வாங்கியவள் இன்னொருத்தி.

இருவருக்கும் பெற்றோர் வைத்த பெயர்கள் உண்டு. பள்ளியில் யாரும் அவற்றைப் புழங்குவதில்லை. எந்த நாடகம் போட்டாலும் கிரீடம் ஒருத்தியின் தலையில்தான் ஏறும், அவள் மகாராணி. அவளுக்குக் காய்ச்சல் கண்டால் உதவும் என்று, அதே வசனத்தை நெட்டுருப் போட்டுத் திரையோரம் காத்திருப்பவள் மற்றவள். காரின் பின்னால் சும்மா கிடக்கும் மாற்று டயரின் பெயரையே அவளுக்கு வைத்துவிட்டார்கள். இத்தனை நாடகங்களில் மகாராணிக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

பொறாமை இல்லை என்று ஸ்டெப்னி சொன்னால் அவள் வாயே நம்பாது. மகாராணி நடந்தால் வயிறு எரிந்தது. சிரித்தால் எரிந்தது. ஒப்பனை அறையில் அவள் பெயர் ஒட்டிய கண்ணாடியைப் பார்த்தால்கூட எரிந்தது.

ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை காலத்தையும் ஓட்டினாள்.

மகாராணிக்கு நடிக்கத் தெரியாது. முகம் இருக்கிறது, உயரம் இருக்கிறது, நடிப்பு மட்டும் மருந்துக்கும் கிடையாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவளையே பார்த்தவளுக்குத் தெரியாதா?

இப்போது தாள் கையில் இருக்கிறது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதான். மாட்டேன் என்றால் பொறாமை பிடித்தவள் என்பார்கள். மறுக்க வேண்டிய அவசியமே இல்லை. கரண்ட் பில்லைப் படிப்பதுபோல் படித்துவிட்டு வந்தால் மகாராணியின் கதை முடிந்தது.

தேர்தலை நடத்திய குரல் பயிற்சி ஆசிரியர் விஷயத்தை அறிவித்தார். வாயே திறக்கக் கூடாது என்று மகாராணிக்குச் சொன்னவர் அவர்தான். கூடம் மொத்தமும் 'ச்சோ' கொட்டியது.

ஸ்டெப்னி மேடையேறினாள். முதல் வரியைச் சப்பென்று படித்தாள். இரண்டாவது வரியை அதைவிடச் சப்பென்று. பின்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான். ஸ்டெப்னிக்கு மனசு குளிர்ந்தது.

மூன்றாவது வரியில் மாட்டிக்கொண்டாள்.

'திரைக்குப் பின்னால் நின்று, எல்லா வசனத்தையும் வாய்க்குள்ளேயே பேசி முடித்து, கைதட்டலைச் சுவர் வழியாகக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களும் இந்தப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். ஒவ்வொரு நாடகத்திலும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், மேடை அவர்களுடையதாக இருக்க வேண்டும்.'

இது அவள் எழுதியிருக்க வேண்டிய வரி. தனக்கே கேட்டுக்கொள்கிறாள் பார் என்று சிரிப்பார்களே என்ற பயத்தில், தன் பேச்சில் குடிதண்ணீர்க் குழாயையும் பூட்டுப் போட்ட அலமாரியையும் பற்றி எழுதி வைத்திருந்தாள்.

அதற்குமேல் மோசமாகப் படிக்க வரவில்லை. முயன்றுதான் பார்த்தாள். குரல் அவள் பேச்சைக் கேட்கவில்லை. தாழ வேண்டிய இடத்தில் தானாகத் தாழ்ந்தது, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது, எழ வேண்டிய இடத்தில் எழுந்தது. தாளைப் பார்ப்பதை எப்போது விட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

கொட்டாவி விட்டவன் வாயை மூட மறந்திருந்தான். விளக்குப் போடுகிறவர்கள், உடை தைக்கிறவர்கள், ஈட்டி பிடித்து நின்றே படிப்பை முடிக்கப் போகிறவர்கள் எல்லாரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள்.

மகாராணிக்கு ஓட்டுப் போடுங்கள் என்பது கடைசி வரி. அதையும் உயிரைக் கொடுத்துச் சொன்னாள்.

கூடம் எழுந்து நின்று தட்டியது. மேடையில் அவள் வாங்கிய முதல் கைதட்டல் அது. அதுவும் இன்னொருத்தியின் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இவள் மந்திரத்தையும் தானே சொல்லிவிட்டு இறங்கினாள்.

பக்கத் திரைக்குள் வந்ததும் மகாராணி அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. அந்த எரிச்சலிலும் பழைய ஆறுதலைத்தான் தேடிப் பிடித்தாள் ஸ்டெப்னி. ஜெயித்துவிட்டுப் போகட்டும். நடிக்கத் தெரியாத ஜென்மம்தானே.

மகாராணி அவள் காதோரம் குனிந்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும்டி, நீ பேசினாத்தான் இது எடுபடும்னு."

மெதுவாகத்தான் சொன்னாள். கரகரப்பு ஒரு துளி இல்லை. குரல் வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு வந்தது.

கம்பளித் துண்டு, இருமல், இருமிச் சிவந்த கண்கள், எச்சில் விழுங்கும்போதெல்லாம் சுளித்த முகம். எல்லாவற்றையும் ஸ்டெப்னி பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறாள். வெந்நீர் ஆற்றிக் கொடுத்ததே அவள்தான்.

அடுத்துப் பேச அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயரை. ஆசிரியர் இரண்டாம் முறையும் கூப்பிட்டார்.

தலைவர் பதவி போனது அவளுக்கு உறைக்கவே இல்லை. மகாராணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாவி, என்னமாய் நடித்திருக்கிறாள்.